கணக்கு இல்லாவிட்டால் வம்பும் இல்லையா?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் வந்திருக்கிறது. ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வீடுகளுக்கான குடிநீர் வடிகட்டி தயாரிக்கும் குடும்ப நிறுவனம் அவருடையது. அப்பா தொடங்கியது. அன்றாட நிர்வாகத்தை இப்போது மகள் பார்க்கிறார். பெரிய முடிவுகள் மட்டும் அப்பாவிடம். மக்கள் தொடர்பு என்றால் அவர்களுக்கு இதுவரை பத்திரிகைக்காரர்களோடு நல்ல பழக்கம், புது மாடல் வந்தால் ஒரு செய்திக்குறிப்பு, ஆண்டுக்கு ஒருமுறை டீலர்கள் கூட்டம், அவ்வளவுதான். சமூக ஊடகத்தில் நிறுவனத்துக்குக் கணக்கே கிடையாது.

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் வீடியோ போட்டிருக்கிறார். வாங்கி இரண்டு வாரமே ஆன கருவியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கீழே வாளி. அடுத்து, நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கிறார். காத்திருப்பு இசை ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்று நிமிட வீடியோவில் தண்ணீர் சொட்டுவது இருபது விநாடிதான். மீதி பெரும்பாலும் அந்த இசை. நான்கு நாளில் 80,000 பேர் பார்த்துவிட்டார்கள். டீலர்கள் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "வாயைத் திறந்தால்தான் பெரிதாகும், மூன்று நாளில் அடங்கிவிடும்" என்கிறார் அப்பா. வீடியோவை நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறார் வக்கீல். எல்லாத் தளங்களிலும் கணக்கு தொடங்கி, ரீல்ஸ் போட்டு, ஹேஷ்டேக் போட்டி நடத்தலாம் என்கிறார் தம்பி. 300 ஐந்து நட்சத்திர ரிவியூக்கள் போட்டுத் தருவதாக ஒரு ஏஜென்சி வந்து நிற்கிறது. வாசகி கேட்பது இது: "எங்களைப் போன்ற நிறுவனம் மக்கள் தொடர்புக்காகச் சமூக ஊடகத்துக்குள் போகத்தான் வேண்டுமா? அங்கே இல்லாததால்தான் இத்தனை நாள் நிம்மதியாக இருந்தோம் என்கிறார் அப்பா. அதில் பாதி எனக்கும் சரியென்றே படுகிறது."

அன்புள்ள வாசகிக்கு,

போகத்தான் வேண்டும். ஆனால் உங்கள் தம்பி சொல்லும் காரணத்துக்காக இல்லை, அவர் சொல்லும் வழியிலும் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 80,000 என்ற எண்ணிக்கை இல்லை. அந்த இருபது விநாடிக் கணக்குதான். கருவி கசிந்தது என்பதற்காக மட்டும் ஒருவர் மூன்று நிமிட வீடியோ எடுக்க மாட்டார். கசிவு யாருடைய தயாரிப்பிலும் வரும், அது அவருக்கும் தெரியும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் மறுமுனையில் ஒரு ஆள் குரல் வரவில்லை என்பதுதான் அவர் புகார். அதைத்தான் அவர் படம்பிடித்திருக்கிறார், அதைத்தான் 80,000 பேரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒருவேளை பாதிப் பேர், எங்கெங்கோ தாங்கள் காத்திருந்த நேரத்தை நினைத்துக்கொண்டு பார்த்திருப்பார்கள். இந்தப் புகாருக்கு இன்னும் நான்கு நாள் மௌனமாக இருப்பது, அவர் சொன்னது சரிதான் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகும்.

நாம் இல்லாத இடத்திலும் பேச்சு நடக்கிறது

கணக்கு இல்லையென்றால் வம்பு இல்லை என்ற எண்ணத்தை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கணக்கு இல்லாதபோதுதான் அந்த வீடியோ பரவியது. உங்களிடம் இல்லாமல் போனது, பதில் சொல்ல ஓர் இடம் மட்டுமே.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். வீடியோவுக்குக் கீழே ஒருவர் "எனக்கும் இதே கசிவு, என்ன செய்வது?" என்று கேட்டாராம். யாரோ ஒருவர், கருவியைக் கழற்றி இணைப்பில் பசை தடவச் சொன்னாராம். இன்னொருவர் நிறுவனத்தின் சேவை எண் என்று ஒரு மொபைல் எண்ணைப் போட்டாராம். அது உங்கள் எண்ணே இல்லை. இதை நீங்கள் சின்ன விஷயம் போல எழுதிவிட்டீர்கள். என் பார்வையில் வீடியோவைவிட ஆபத்தானவை இந்த இரண்டு கமென்ட்டுகள்தான். குடிநீர் போகும் பாதையில் ஒருவர் பசை தடவினால் அது உடல்நலப் பிரச்சினை. போலிச் சேவை எண் என்பது பணம் பறிக்கும் கும்பல்களின் பழைய வித்தை. கூப்பிட்டவரிடம் வங்கி விவரம் கேட்பார்கள், பணம் போனதும் திட்டு உங்களுக்கு வரும். நிறுவனத்தின் பெயரில் சரிபார்க்கப்பட்ட ஒரு கணக்கு இருந்திருந்தால் இரண்டு வரியில் இரண்டையும் நிறுத்தியிருக்கலாம்.

காலியாகக் கிடக்கும் இடத்தை யாராவது நிரப்புவார்கள் என்பதற்குப் பெரிய உதாரணமும் உண்டு. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு நடந்தபோது, அந்தக் கிணற்றை நடத்திய பிபி எண்ணெய் நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு போலவே பெயர் வைத்து ஒரு கேலிக் கணக்கு ட்விட்டரில் முளைத்தது. நிறுவனத்தின் உண்மையான கணக்கைவிட அதற்குப் பல மடங்கு ஃபாலோயர்கள் சேர்ந்தார்கள். அத்தனை பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

அப்பா சொல்வதில் பாதி சரி என்றீர்களே, அதையும் பார்ப்போம். எல்லாப் பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற அளவில் அவர் சொல்வது சரிதான். பத்துப் பேர் பார்த்த ஒரு முணுமுணுப்புக்கு நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் விளக்கம் போட்டால், அதைப் பத்தாயிரம் பேரிடம் கொண்டுபோவது நீங்களாகவே இருப்பீர்கள். சண்டைக்கு இழுப்பவர்கள், வசைபாடுபவர்கள், எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி வைத்திருப்பவர்கள் எல்லாரையும் விட்டுவிடலாம். நான் பார்ப்பது மூன்று விஷயங்கள்: யாருடைய பாதுகாப்பாவது இதில் இருக்கிறதா, பதில் வேண்டிக் கேட்ட கேள்வி ஏதாவது இருக்கிறதா, தவறான தகவல் வாங்குபவர்களிடம் போய்ச் சேர்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் பேசிவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் மூன்றுக்குமே ஆம்.

மூன்று நாளில் அடங்கும் என்ற கணக்கை வைத்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 2009 ஏப்ரலில் அமெரிக்காவில் டோமினோஸ் பீட்சா கடை ஒன்றின் இரண்டு ஊழியர்கள், சமையலறையில் அருவருப்பான சேட்டைகள் செய்து யூடியூபில் வீடியோ போட்டார்கள். பதில் சொன்னால் இன்னும் பரவும் என்று நினைத்து நிறுவனம் முதலில் பொதுவெளியில் பேசவில்லை. பார்த்தவர்கள் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. இரண்டே நாளில் முடிவை மாற்றிக்கொண்டு, ட்விட்டரில் கணக்கு தொடங்கி, அமெரிக்கப் பிரிவின் தலைவர் பேட்ரிக் டாயில் அதே யூடியூபில் வந்து மன்னிப்புக் கேட்டார். அவசரத்தில் எடுத்த வீடியோ அது; பார்த்தாலே தெரியும். ஆனாலும் புகார் எங்கே எழுந்ததோ அங்கேயே வந்து பதில் சொன்னார். அதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டால் போதும்.

வக்கீல் நோட்டீஸ்

இது சட்ட ஆலோசனை இல்லை, அதற்கு உங்கள் வக்கீல் இருக்கிறார். மக்கள் தொடர்பின் கண்ணோட்டத்தில் மட்டும் சொல்கிறேன்: இந்த வீடியோவுக்கு நோட்டீஸ் அனுப்பாதீர்கள்.

அவர் காட்டியது உண்மையில் நடந்தது. தண்ணீர் சொட்டியது, போனை யாரும் எடுக்கவில்லை. ஒருவர் தனக்கு நேர்ந்ததை உள்ளபடி சொன்னால் அதை அவதூறு என்று நிரூபிப்பது பெரும்பாலான நாடுகளில் கடினம். உண்மை என்பது வலுவான எதிர்வாதம். வழக்கில் ஜெயிப்பீர்களா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பத்தாவது நிமிடம் அதன் படம் இணையத்தில் இருக்கும். இரண்டாவது வீடியோவுக்கான விஷயத்தை நீங்களே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

2003-இல் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். கலிபோர்னியாவின் கடற்கரை அரிப்பை ஆவணப்படுத்த எடுத்த ஆயிரக்கணக்கான வான்வழிப் படங்களில் ஒன்றில், பாடகியும் நடிகையுமான பார்பரா ஸ்ட்ரைசண்டின் வீடு விழுந்துவிட்டது. அவர் 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்குக்கு முன்பு அந்தப் படத்தைத் தரவிறக்கியது மொத்தம் 6 முறை, அதிலும் இரண்டு அவருடைய வக்கீல்களே செய்தது. வழக்குச் செய்தி வந்த அடுத்த மாதத்தில் அந்த இணையதளத்துக்கு 4,20,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். வழக்கும் தள்ளுபடியாகி, எதிர்த்தரப்பின் வக்கீல் செலவும் அவர் தலையில் விழுந்தது.

நிறுவனங்களில் நெஸ்லேக்கு 2010-இல் கிடைத்த பாடம் இதைவிட உங்களுக்கு நெருக்கமானது. காடழிப்போடு தொடர்புடைய பாமாயிலை அது பயன்படுத்துகிறது என்று கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு வீடியோ வெளியிட்டது. பதிப்புரிமையைக் காட்டி யூடியூபிலிருந்து அதை எடுக்கச் செய்தது நெஸ்லே. கோபப்பட்டவர்கள் நேராக நெஸ்லேயின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு வந்தார்கள், சிலர் மாற்றி வரைந்த லோகோவை முகப்புப் படமாக வைத்துக்கொண்டு. அந்தப் படத்தோடு வரும் கமென்ட்டுகள் நீக்கப்படும் என்று பக்கத்தை நடத்தியவர் அறிவித்தார். ஒருவர் ஆட்சேபித்தபோது, இது எங்கள் பக்கம், விதி வைப்பதும் நாங்கள்தான் என்ற தொனியில் நக்கலாகப் பதில் வந்தது. அப்புறம் என்ன, பாமாயிலைப் பற்றி அக்கறையே இல்லாதவர்கள்கூட அந்தப் பதிலைப் படிக்க வந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் நெஸ்லே தன் பாமாயில் கொள்கையை மாற்றுவதாக அறிவித்தது. இரண்டு மாதம் கழித்துச் செய்ததை முதல் வாரமே செய்திருந்தால் பாதி அவமானம் மிச்சம்.

நோட்டீஸுக்கும் இடம் உண்டு. போலிச் சேவை எண் போட்டவர், உங்கள் லோகோவை வைத்துப் போலிக் கணக்கு நடத்துபவர், தெரிந்தே பொய் சொல்லும் போட்டியாளர், பணம் கொடுத்தால் நீக்குகிறேன் என்று மிரட்டுபவர், இவர்கள் மீது தயங்காமல் போங்கள். ஆள்மாறாட்டத்தையும் வர்த்தக முத்திரை மீறலையும் புகார் செய்யப் பெரிய தளங்கள் எல்லாவற்றிலும் தனி வழி இருக்கிறது. பெரும்பாலும் நீதிமன்றத்தைவிட அது வேகமாக முடியும். எதைச் செய்வதற்கு முன்பும் தேதி, இணைப்பு முகவரி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

காசு கொடுத்து வாங்கும் பாராட்டு

வேண்டாம். நல்லது கெட்டது என்ற பேச்சுக்கே போக வேண்டியதில்லை, இது உங்களுக்கே ஆபத்து. அமெரிக்காவில் போலி ரிவியூக்களை வாங்குவதையும் விற்பதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அதைத் தடைசெய்யப்பட்ட வணிக நடைமுறைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் நாட்டு விதி என்ன என்று வக்கீலிடம் கேளுங்கள், நோட்டீஸ் எழுதுவதைவிட அது பயனுள்ள வேலை. சட்டம் கிடக்கட்டும், ஒரே வாரத்தில் 300 பேர் ஒரே மாதிரி வாக்கியத்தில் வடிகட்டியைப் புகழ்ந்தால் வாங்குபவர்களுக்குப் புரியாதா? அந்த ஏஜென்சியிடம் உங்களைப் பற்றிய ஆதாரமும் கையில் இருக்கும். அதையும் யோசியுங்கள்.

விளம்பரம் வேறு, மக்கள் தொடர்பு வேறு

இனி உங்கள் தம்பியின் திட்டம். ரீல்ஸ் போடுவதில் தவறில்லை, ஆனால் அது விளம்பரத் துறையின் வேலை. மக்கள் தொடர்புக்குச் சமூக ஊடகம் தேவைப்படுவது, அங்கே மற்றவர்கள் உங்களிடம் பேச முடியும் என்பதால். செய்திக்குறிப்பில் நீங்கள் பேசுவீர்கள், அவ்வளவுதான். அதற்குக் கீழே யாரும் கேள்வி எழுத முடியாது. மக்கள் தொடர்பு ஆய்வாளர்களான ஜேம்ஸ் கிரூனிக்கும் டாட் ஹண்ட்டும் 1984-இலேயே மக்கள் தொடர்பை நான்கு விதமாகப் பிரித்தார்கள். வெறும் விளம்பரப்படுத்தல், ஒருவழித் தகவல், மக்களை வளைப்பதற்காகக் கேட்பது, கேட்டதற்கேற்ப நிறுவனமும் மாறுவது. நான்காவதைச் செய்ய அந்தக் காலத்தில் கூட்டம் போட வேண்டும், ஆய்வு நடத்த வேண்டும். இன்று காலையில் உட்கார்ந்து கமென்ட் படித்தாலே பாதி வேலை ஆகிவிடுகிறது. மூன்று வாரமாக ஒரே மாடலின் ஒரே இணைப்பைப் பற்றி ஐந்து பேர் எழுதுகிறார்கள் என்றால், உங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மாத அறிக்கை வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து மக்கள் தொடர்பில் இதற்கு ஈடான லாபம் வேறில்லை. ரீல்ஸுக்குக் கிடைக்கும் லைக்குகளை இதோடு சேர்த்துப் பேசவே மாட்டேன்.

ஹேஷ்டேக் போட்டியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஜேபி மோர்கன் வங்கி 2013 நவம்பரில், எங்களிடம் கேளுங்கள் என்ற பாணியில் ஒரு ஹேஷ்டேக் போட்டு ட்விட்டரில் கேள்விகளை அழைத்தது. நிதி நெருக்கடியும் அபராதங்களும் மக்கள் மனதில் ஆறாத நேரம். வந்து விழுந்த கேள்விகளைப் பார்த்துவிட்டு, நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே ரத்து செய்தார்கள். மோசமான யோசனை என்று தாங்களே எழுதினார்கள். புகார் ஆறாமல் இருக்கும்போது கொண்டாட்டத்துக்குக் கூப்பிட்டால் கூட்டம் வரும், ஆனால் நீங்கள் நினைத்த கூட்டம் வராது.

எல்லாத் தளங்களும் வேண்டாம். புகார் இப்போது எங்கே வருகிறதோ அந்த ஓரிரண்டு தளங்கள் போதும். டீலர்களும் வேலை தேடுபவர்களும் பார்க்க வேண்டுமென்றால் லிங்க்ட்இன் சேர்த்துக்கொள்ளலாம், பிறகு. மற்ற தளங்களில் உங்கள் பெயரைப் பதிவுசெய்து வைத்து, "எங்களை இங்கே அணுகவும்" என்று ஒரு வரி போட்டு விட்டுவிடுங்கள். வேறு யாரும் அந்தப் பெயரை எடுக்காமல் இருக்க. முழு விளக்கமோ அறிக்கையோ எதுவானாலும் உங்கள் சொந்த இணையதளத்தில் இருக்கட்டும், தளங்களில் அதன் இணைப்பைப் போடுங்கள். தளங்கள் உங்கள் சொத்து இல்லை. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டபோது அதை நம்பி எழுதியவர்களின் எழுத்தெல்லாம் அதோடு போனது.

யார் பதில் சொல்வது?

இதைத்தான் நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டும். "புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு இதெல்லாம் நன்றாக வரும், அவனிடம் கொடுத்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தளம் தெரியும், சரி. ஒரு வாடிக்கையாளருக்குக் கருவியை மாற்றித் தருகிறோம் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டா? சர்வீஸ் பிரிவுக்கு போன் செய்தால் அவர் பேச்சைக் கேட்பார்களா? இல்லையென்றால் அவர் என்ன எழுதுவார் என்று இப்போதே சொல்லிவிடலாம்:

"தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். தங்கள் புகார் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது."

அந்த வாடிக்கையாளருக்கு இது எழுத்தில் வந்த காத்திருப்பு இசை. மூன்றாவது முறை இதே வரி வரும்போது அதன் ஸ்கிரீன்ஷாட்டும் பரவும். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவர் கையில் கொடுத்த கணக்கு, வாசலில் அழைப்பு மணியை மாட்டிவிட்டு உள்ளே ஆள் இல்லாமல் இருக்கும் வீடு. அதற்கு மணி இல்லாமலே இருந்திருக்கலாம்.

ஆகவே கணக்கு தொடங்குவதற்கு முன் உள்ளே ஓர் ஏற்பாடு செய்யுங்கள். பதில் எழுதுபவர் ஒருவர், அவர் விடுப்பில் போனால் இன்னொருவர். யாரிடமும் கேட்காமல் அவர்கள் எதுவரை சொல்லலாம் (சர்வீஸ் ஆளை அனுப்புவது, உதிரி பாகம் மாற்றுவது), எதற்கு உங்களைக் கேட்க வேண்டும், எதற்கு வக்கீலைக் கேட்க வேண்டும் என்பது ஒரே பக்கத்தில் எழுத்தில் இருக்கட்டும். சர்வீஸ் பிரிவில் ஒருவர், தரக் கட்டுப்பாட்டில் ஒருவர், இந்தக் கணக்கிலிருந்து கேள்வி வந்தால் அன்றைக்கே விடை தர வேண்டும் என்று பெயர் குறித்துப் பொறுப்பாக்குங்கள். பதில் சொல்லும் நேரம் காலை இத்தனை மணி முதல் மாலை இத்தனை மணி வரை என்று பக்கத்திலேயே போட்டுவிடலாம். இருபத்துநான்கு மணி நேரமும் உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது, மக்களும் அதைக் கேட்பதில்லை. சமூக ஊடகம் இலவசம் என்று உங்கள் தம்பி சொன்னாராம். கணக்கு இலவசம்தான், இந்த ஆட்களின் நேரம் இலவசம் இல்லை. பட்ஜெட்டில் அதை எழுதாவிட்டால் ஆறு மாதத்தில் கணக்கு தூங்கிவிடும்.

பாஸ்வேர்டு விஷயம் சலிப்பானதுதான், ஆனால் விட்டுவிடாதீர்கள். 2013 ஜனவரியில் பிரிட்டனின் எச்எம்வி இசைக்கடை நிறுவனம் ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கும் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, அந்தக் கூட்டத்திலிருந்தே ஒருவர் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வக் கணக்கில் நேரலையாக எழுதினார். ட்விட்டரை எப்படி மூடுவது என்று சந்தைப்படுத்தல் இயக்குநர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்து! கணக்கு நிறுவனத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு வேண்டும், ஒருவர் வேலையை விட்டால் அன்றைக்கே அவர் அனுமதியை நீக்க வேண்டும்.

தவறு நடக்கத்தான் செய்யும். 2011 பிப்ரவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கில், ஊழியர் ஒருவர் தன் சொந்தக் கணக்கு என்று நினைத்துப் பீர் குடிக்கப் போவதைப் பற்றி எழுதிவிட்டார். சங்கம் அதை நீக்கியது. பிறகு, நாங்கள் நிதானத்தில்தான் இருக்கிறோம், சாவியைப் பிடுங்கிவிட்டோம் என்று தானே ஒரு கேலி வரி போட்டது. விவகாரம் சிரிப்போடு முடிந்தது, நன்கொடைகூட வந்தது. ஆனால் இந்த நகைச்சுவை உங்கள் கசிவுக்கு உதவாது. யாருக்கும் கஷ்டம் இல்லாத இடத்தில்தான் சிரிக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை: பதில் பொதுவில், விவரம் தனியே. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன், பில் எண் எதையும் கமென்ட்டில் கேட்காதீர்கள், எழுதாதீர்கள். "இவர் ஏற்கெனவே மூன்று முறை புகார் செய்தவர்" என்று பழைய பதிவேட்டை எடுத்து வைத்து வாதாடவும் கூடாது.

அப்பாவிடம் பேச

அவர் பத்திரிகைப் பழக்கத்தைப் பெரிதாக மதிப்பவர். அதைக் குறைத்துப் பேசாதீர்கள், அது இன்னும் வேலை செய்கிறது. 2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கேஎஃப்சி கோழியே இல்லாமல் நூற்றுக்கணக்கான கடைகளை மூட நேர்ந்தபோது, தன் பெயரின் எழுத்துகளையே குறும்பாக மாற்றிப் போட்டு ஒரு முழுப்பக்க மன்னிப்பை அச்சுப் பத்திரிகைகளில்தான் வெளியிட்டது. அதைப் படம்பிடித்து உலகம் முழுக்கப் பரப்பியது சமூக ஊடகம். இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன.

அவருக்கு 1906-இல் நடந்ததைச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அன்றைய ரயில்வேக்களின் வழக்கம். நிறுவனத்தின் ஆலோசகர் ஐவி லீ, மற்றவர்கள் எழுதுவதற்கு முன் நாமே எழுதுவோம் என்று அறிக்கை கொடுக்கவைத்து, செய்தியாளர்களை இடத்துக்கே வரவழைத்தார். முதல் செய்திக்குறிப்பு என்று பலரும் சொல்வது அதைத்தான். அப்பா நம்பும் செய்திக்குறிப்பு அன்றைக்குச் செய்த வேலை, நாமே முந்திக்கொண்டு உண்மையைச் சொல்வது. செய்தி புறப்படும் இடம் மட்டும் இப்போது மாறிவிட்டது. 2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் விமானம் இறங்கியபோது, படகில் இருந்த ஒருவர் போனில் எடுத்து ட்விட்டரில் போட்ட படம்தான் உலகம் பார்த்த முதல் படங்களில் ஒன்று. செய்தியாளர்களே இன்று முதலில் அங்கேதான் தேடுகிறார்கள். உங்கள் வீடியோவைப் பற்றி ஒருவர் எழுத உட்கார்ந்தால், நிறுவனம் என்ன சொல்கிறது என்று தேடுவார். ஒன்றும் கிடைக்காவிட்டால் காத்திருப்பு இசையைப் பற்றி எழுதிவிட்டு முடித்துவிடுவார்.

அப்பாவையே வீடியோவில் பேச வைக்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஒரு கசிவுக்கு வேண்டாம். தலைவர் பேசுவது பெரிய விஷயத்துக்கு இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது

அந்த வாடிக்கையாளருக்கு நீங்களே போன் செய்யுங்கள், எதையும் பதிவிடுவதற்கு முன். ஆளை அனுப்பிக் கருவியைச் சரிசெய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். அப்புறம் கணக்கைத் தொடங்கி, அந்த வீடியோவுக்குக் கீழே எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். இந்தக் கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் நிர்வாகி நான். நீங்கள் கூப்பிட்டபோது எங்கள் பக்கத்தில் யாரும் எடுக்கவில்லை. அது எங்கள் தவறு. கசிந்த இணைப்பை இன்று மாற்றிவிட்டோம். இதே கசிவு உள்ள மற்றவர்கள் தயவுசெய்து பசை எதுவும் தடவாதீர்கள், தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு இந்தப் பக்கத்தில் செய்தி அனுப்புங்கள். மேலே ஒரு கமென்ட்டில் உள்ள மொபைல் எண் எங்களுடையது இல்லை. எங்கள் எண் இணையதளத்தில் இருக்கிறது."

போன் எடுக்கும் ஏற்பாட்டை எப்படி மாற்றப் போகிறீர்கள் என்பதை, மாற்றிய பிறகு தனியாக எழுதுங்கள். முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டாம். அடுத்த ஆறு மாதத்துக்கு ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காமல், முதல் பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை புகார் தீர்ந்தது, எந்தப் புகார் திரும்பத் திரும்ப வருகிறது என்ற மூன்றை மட்டும் குறித்து வாருங்கள். மாதம் ஒருமுறை அந்தத் தாளை அப்பாவிடம் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கருவியை மாற்றிக் கொடுத்த கையோடு வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் செய்ததெல்லாம் பேரமாகிவிடும். அவராகவே சரியானதைச் சொல்லி இன்னொன்று போட்டால், அனுமதி கேட்டுப் பகிருங்கள். போடாவிட்டால் பழைய வீடியோ அங்கேயே இருக்கட்டும், கீழே உங்கள் பதிலும் இருக்கும். ஒருவேளை இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் நோட்டீஸ் போயிருந்தால், முதலில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டு அவருக்கு போன் செய்யுங்கள். நோட்டீஸை அனுப்பியது வக்கீலே ஆனாலும், திரும்பப் பெற்றோம் என்று அவரிடம் சொல்வது உங்கள் குரலாக இருக்க வேண்டும்.